அரிசி டிரம்மில் ஓர் இத்தாலியன்

பி.காம். படித்தவனிடம் எந்தப் பொருளைக் காட்டினாலும் அவன் கண்ணுக்கு முதலில் தெரிவது அதன் தேய்மானம்தான். மெஷினா? வருடத்துக்குப் பதினைந்து சதவிகிதம் கழி. மேஜை நாற்காலியா? பத்து சதவிகிதம் கழி. கம்ப்யூட்டரா? ஐயோ பாவம், நாற்பது! மூன்று வருடம் இந்தக் கழித்தல் கணக்கையே போட்டுவிட்டு வெளியே வந்தவனிடம், 'பழசாக ஆக இதன் மதிப்பு கூடும்' என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும். அம்பத்தூரில் அரை கிரவுண்டு வைத்திருப்பவர்கள் மட்டும் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். அவர்களுக்கு உரிமை உண்டு.

நிலத்தை விட்டால் அடுத்த விதிவிலக்கு நம் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. அரிசிக் கடைக்காரர் ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் பரப்பி, "பழசு சார், சோறு உதிரி உதிரியா வரும்" என்று சொல்லி, கிலோவுக்கு நாலு ரூபாய் ஏற்றுகிறாரே, அது. புது அரிசி குழையும். பழைய அரிசி தண்ணீரை இழுத்துக்கொண்டு நீண்டு நிற்கும். புளியும் அப்படித்தான். மாசி பங்குனியில் வரும் புதுப் புளி செக்கச்செவேல் என்று அழகாக இருக்கும், வாயில் வைத்தால் ஊசி குத்தும். கல் உப்பைக் கலந்து ஜாடியில் அடைத்து ஒரு வருடம் மறந்துவிடுங்கள். கறுத்துப்போய், ஆனால் ஆழமாக வேறொரு புளி வெளியே வரும். வத்தக்குழம்புக்கு அதுதான். சந்தேகம் இருந்தால் உங்கள் பாட்டியிடம் கேளுங்கள். (திட்டு வாங்கினால் கம்பெனி பொறுப்பல்ல.)

மூன்றாவது விதிவிலக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அது இத்தாலியில் இருக்கிறது. பெயர் பரோலோ. சிவப்பு ஒயின்.

உடனே முகம் சுளிக்க வேண்டாம். 'குடிக்கக் கற்றுக்கொடுக்கிறான்' என்று ஆசிரியருக்குக் கடிதமும் வேண்டாம். அடியேன் குடிப்பழக்கம் உள்ளவனல்ல. வாழ்க்கையில் நான் குடித்த மொத்த பரோலோ ஒரு காபி டம்ளரைத் தாண்டாது. ஆனால் ஒரு ஊர் மண்ணும் ஒரு கொடியும் சேர்ந்து, 'பத்து வருஷம் கழிச்சு வா, பேசிக்கலாம்' என்று மனிதனைத் திருப்பி அனுப்புகிற சமாசாரம் எனக்குப் பிடித்திருக்கிறது. எல்லாம் பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிற இந்தக் காலத்தில், இப்படியும் ஒரு பொருள்.

முதலில் ஊர். இத்தாலியின் வடமேற்கு மூலையில் பியட்மாண்ட் என்று ஒரு மாநிலம். தலைநகரம் டூரின், ஃபியட் கார் பிறந்த ஊர். அங்கிருந்து தெற்கே கார் பிடித்தால் சுமார் ஒரு மணி நேரத்தில் லாங்கே என்கிற குன்றுகள் வந்துவிடும். ஆல்பா என்கிற சின்ன டவுனுக்குப் பக்கத்தில் பதினோரு கிராமங்கள். இந்தப் பதினோரு கிராமத்து எல்லைக்குள், நெபியோலோ என்கிற ஒரே ஒரு ஜாதித் திராட்சையில் மட்டும் செய்தால்தான் பாட்டிலில் 'பரோலோ' என்று ஒட்டலாம். எல்லையைத் தாண்டி ஒரு முழம் தள்ளிக் கொடி நட்டாலும் அந்தப் பெயர் கிடையாது. 1980-லிருந்து இத்தாலி அரசாங்கத்தின் மிக உயர்ந்த முத்திரை இதற்கு உண்டு. அறுவடை முடிந்து 38 மாதங்கள் கழித்துத்தான் விற்கலாம். அதில் 18 மாதம் மரப்பீப்பாயில் இருக்க வேண்டும். ரிசர்வா என்று கூடுதல் பட்டம் போட வேண்டுமென்றால் 62 மாதம். அஞ்சு வருஷ ஃபிக்ஸட் டெபாசிட்டையே பாதியில் உடைக்கிற நமக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

நெபியோலோ ரொம்பப் பிடிவாதக்காரக் கொடி. வசந்தத்தில் முந்திக்கொண்டு துளிர்விடும். பழுப்பதற்கு மட்டும் எல்லோருக்கும் கடைசி. அக்டோபர் மாதம் குன்றுகளுக்கு நடுவே மூடுபனி படுத்துக்கிடக்கும்போதுதான் பழம் முதிரும். இத்தாலிய மொழியில் பனிமூட்டத்துக்கு 'நெபியா' என்று பெயர். அதிலிருந்துதான் நெபியோலோ வந்தது என்பார்கள். குளிர்காலத்தில் எந்தச் சரிவில் பனி முதலில் உருகுகிறதோ, அந்தத் தெற்குப் பார்த்த சரிவுதான் இதற்கு லாயக்கு. வேறு நாடுகளில் கொண்டுபோய் நட்டுப் பார்த்தார்கள். வளர்ந்தது, காய்த்தது. ஆனால் இந்தக் குணம் முழுசாக வந்ததாகச் சொல்பவர்கள் குறைவு.

காரணம் மண் என்கிறார்கள். ஃப்ரெஞ்சுக்காரர்கள் இதற்கு 'டெர்வார்' என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். மண், சரிவு, வெயில், பனி, காற்று எல்லாம் சேர்ந்த கூட்டுப்பெயர். நாம் 'மண்வாகு' என்போம். திருநெல்வேலி அல்வாவுக்குத் தாமிரபரணித் தண்ணீர், மணப்பாறை முறுக்குக்கு மணப்பாறைத் தண்ணீர் என்று நாம் சொல்கிற அதே கதைதான். ஆனால் அங்கே அதைக் கணக்குப்பிள்ளை மாதிரி அளந்து வைத்திருக்கிறார்கள். லாங்கே முழுவதும் சுமார் ஒரு கோடி வருடத்துக்கு முன் கடலடியாக இருந்த நிலம். ஆல்பாவிலிருந்து பரோலோ போகிற ரோட்டுக்கு மேற்கே, லா மோரா பக்கம், சுண்ணாம்பு கலந்த நீல நிறக் களிமண். அந்த ஒயின் கொஞ்சம் மென்மை, வாசனை தூக்கல், சீக்கிரம் இறங்கி வரும். கிழக்கே செர்ராலுங்கா பக்கம் இன்னும் பழைய மண், மணற்பாறை அதிகம். அந்த ஒயின் முரட்டுப் பேர்வழி; இருபது வருடம் காத்திருக்க வைப்பான். இரண்டுக்கும் நடுவே தூரம் எவ்வளவு என்கிறீர்கள்? கிட்டத்தட்ட அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி!

சரி, குணம். சிவப்பு ஒயின் என்றதும் நாவல்பழச் சாறு மாதிரி கறுப்பாக இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. தண்ணீர் ஊற்றிய நன்னாரி சர்பத் மாதிரி இருக்கும், அந்தப் பக்கம் விரலை வைத்தால் இந்தப் பக்கம் தெரியும். 'பூ, இவ்வளவுதானா' என்று வாயில் வைத்தால் பளாரென்று அறை விழும். துவர்ப்பு! நாவல்பழம், வாழைப்பூ, கடுக்காய், அரை மணி நேரம் அடுப்பில் மறந்துபோன டீ... எல்லாம் சேர்ந்து ஈறைப் பிடித்து இழுக்கும். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கிற டானின் செய்கிற வேலை. துணைக்கு நல்ல புளிப்பு வேறு.

இந்த இரண்டு முரட்டுத்தனமும்தான் அதன் ஆயுள் ரகசியம். பழைய ஒயின் என்றாலே உயர்ந்தது என்று சினிமாவில் பார்த்து நம்பிக்கொண்டிருக்கிறோம். சுத்தப் பொய். உலகத்தில் செய்கிற ஒயினில் பெரும்பகுதி ஓரிரு வருடத்தில் குடித்துவிட வேண்டியதுதான், வைத்திருந்தால் சொத்தையாகிவிடும். இளசில் இனிக்க இனிக்கப் பேசுகிற ஒயினிடம் பின்னால் செலவழிக்கக் கையிருப்பு இல்லை. பரோலோவிடம் டானின் இருக்கிறது. அந்த டானின் வருடக்கணக்கில் ஒன்றோடொன்று கைகோத்து, நிறத்தையும் இழுத்துக்கொண்டு, கனமாகி, அடியில் வண்டலாகப் படிகிறது. மேலே நிற்கிற ஒயின் மெதுவாகச் செங்கல் நிறத்துக்கு வருகிறது. துவர்ப்பு பட்டு மாதிரி ஆகிறது. புளிப்பு மட்டும் விடாமல் முதுகெலும்பாக நின்று சரிந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது. வாசனையைச் சொல்லும்போது உலகம் முழுக்க ஒரே மாதிரி இரண்டு வார்த்தை சொல்கிறார்கள்: ரோஜா, தார். ஆமாம் சார், ரோடு போடுகிற தார்தான். எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

இத்தனை வருடம் காத்திருக்க யாருக்குப் பொறுமை? அங்கேயும் பொறுமை போனது, வீட்டுக்குள் சண்டையாகவே வெடித்தது. லா மோராவில் எலியோ ஆல்டாரே என்று ஒரு இளைஞர். பரோலோ விற்காத காலம் அது. 1976-ல் ஃப்ரான்ஸில் பர்கண்டிக்குப் போய்ப் பார்த்தார். அங்கே விவசாயி வசதியாக இருக்கிறார், சின்னச் சின்னப் புது ஓக் பீப்பாயில் ஒயின் செய்கிறார், சீக்கிரம் பணம் பார்க்கிறார். ஊர் திரும்பியவர் 1983-ல் ஒருநாள் மின்ரம்பத்தை எடுத்து, அப்பாவின் பழைய பெரிய பீப்பாய்களை அறுத்துத் தள்ளிவிட்டார். அப்பா என்ன செய்தார்? பிள்ளைக்குச் சொத்தில்லை என்று எழுதி வைத்துவிட்டார்! 'பரோலோ பாய்ஸ்' என்று 2014-ல் இதை வைத்து ஒரு டாக்குமெண்டரி படமே வந்தது. எதிர்க்கட்சியில் பார்டோலோ மாஸ்கரெல்லோ என்று ஒரு பெரியவர், பழைய முறையை விட்டு ஒரு அங்குலம் நகராதவர். 'சின்னப் பீப்பாயும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்' என்று 1999-ல் லேபிளிலேயே எழுதி ஒட்டினார். (பெர்லுஸ்கோனி அப்போது அங்கே அரசியல்வாதி. நம்மூரில் எண்ணெய்ப் பாக்கெட்டில் யாராவது இப்படி எழுத முடியுமா, யோசித்துப் பாருங்கள்.) அந்தப் பெரியவர் 2005-ல் காலமானார். இப்போது இரண்டு கட்சிக்கும் நடுவில் ராசியாகிவிட்டது. சின்னப் பீப்பாய் மோகம் தணிந்து பெரிய பீப்பாய்கள் பல இடங்களில் திரும்பி வந்திருக்கின்றன. எனக்கு மட்டும் மனசு அந்த அப்பாவின் பக்கமும் போகிறது, பிள்ளையின் பக்கமும் போகிறது. காத்திருந்தால் தங்கம்தான். காத்திருக்கிற வருஷங்களில் வீட்டில் உலை வைக்க வேண்டுமே?

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் என் நண்பன் ஒருவனால். 2014-ல் அவன் கம்பெனி ஒரு மெஷின் வாங்கியது. பழகிக்கொள்ள இவனை டூரினுக்கு மூன்று வாரம் அனுப்பினார்கள். அங்கே சொல்லிக்கொடுத்த வயதான டெக்னீஷியன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவனை லாங்கே குன்றுகளுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். பேச்சுவாக்கில், உன் பெண் எந்த வருடம் பிறந்தாள் என்று கேட்டிருக்கிறார். 2010. கிழவர் துள்ளிக் குதித்துவிட்டாராம். 2010 அங்கே குளிர்ச்சியான, நிதானமான வருடம், அறுவடை தாமதம், நீண்ட ஆயுள் உள்ள ஒயின். அது கடைக்கு வந்ததே 2014 ஜனவரியில்தான். பிள்ளை பிறந்த வருடத்து ஒயினை வாங்கி வைத்து, பதினெட்டு வயதில் திறப்பது அந்தப் பக்கத்து வழக்கமாம்.

நண்பன் இரண்டு பாட்டில் வாங்கிவந்தான். ஒன்று இப்போதைக்கு, ஒன்று 2028-க்கு. தமிழ்நாட்டில் குடிக்க வயது இருபத்தொன்று என்று நான் நினைவுபடுத்தினேன். "அவளுக்கா தரப்போறேன்? நான் குடிப்பேன், அவ பார்ப்பா" என்றான். அவன் மனைவி விலையை ரூபாயில் கேட்டுத் தெரிந்துகொண்டு, "ஏன் அண்ணா, ஒரு பாட்டில் காசுல ரெண்டு மூட்டை பொன்னி வாங்கலாமே" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் என்ன செய்தேன் பாவம்.

முதல் பாட்டில் மொட்டை மாடியில் திறக்கப்பட்டது. ஸ்டீல் டம்ளர். நான், நண்பன், அவன் மச்சான், பக்கத்து வீட்டு மாமா. இவர் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ரிட்டையர் ஆனவர், ரம்மில் அனுபவஸ்தர். ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. "என்னப்பா இது, கடுக்காய்க் கஷாயம்? வயித்துக்கு நல்லதுதான்" என்று டம்ளரை வைத்துவிட்டார். மச்சான் சற்றும் யோசிக்காமல் செவன் அப் ஊற்றினான். இத்தாலியில் அன்றைக்கு நிலநடுக்கம் வந்திருக்கும். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் ராத்திரி நண்பன் போன்: "டேய், மிச்சம் இருந்ததை இப்பக் குடிச்சேன். ஆளே மாறிட்டான்டா! நேத்திக்கு அடிச்சவன் இன்னிக்குத் தோள்ல கை போடறான்." ஒருநாள் காற்றுப் பட்டதற்கே அப்படி.

இரண்டாவது பாட்டிலை எங்கே வைப்பது? கிழவரின் கண்டிஷன்கள்: இருட்டு, ஆடாமல் அசையாமல், படுக்கவைத்து, பன்னிரண்டு பதினாலு டிகிரி குளிர்ச்சி. அம்பத்தூரில்! மே மாதம் நாற்பதைத் தொட்டுவிட்டு வருகிற ஊரில்! பீரோ வேண்டாம் என்றார் மனைவி, அதில் பட்டுப்புடவை. பூஜை அறைப் பக்கமே கூடாது. கடைசியில் நண்பனின் அம்மாதான் முடிவு சொன்னார்கள். "அரிசி டிரம்ல வைடா. மாம்பழம் பழுக்கலியா? இதுவும் பழுக்கட்டும்." பழைய வேட்டியில் சுற்றி, சாய்த்துப் படுக்கவைத்து, மேலே அரிசியைக் கொட்டினார்கள். இருட்டுக்கு இருட்டு. மாசா மாசம் புது மூட்டை மேலே விழுமே, அதுதான் கொஞ்சம் ஆட்டம்.

இந்த இடத்தில் கம்பம் போய்வர வேண்டும். தேனி மாவட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கு, நம் பன்னீர் திராட்சையின் தாய்வீடு. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காற்று, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர், தலைக்கு மேல் பந்தல், பந்தலில் கறுப்புக் குலைகள். லாங்கேயில் கொடி பனியில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மாதக்கணக்கில் தூங்கும். வருடத்துக்கு ஒரே அறுவடை. கம்பத்தில் கொடிக்குத் தூக்கமே கிடையாது. கவாத்து செய்தால் துளிர்க்கும், ஏறக்குறைய நாலு மாதத்தில் பழம், மறுபடி கவாத்து. தோட்டத்துக்குத் தோட்டம் தேதி மாறுவதால் வருடம் முழுக்க எங்கேயாவது அறுவடை நடந்துகொண்டே இருக்கும். நம்மைப் போல, லீவு போடாத ஜாதி! பறித்த பழம் ராத்திரி லாரி ஏறி, விடிகாலை கோயம்பேடு வந்து, மத்தியானம் அம்பத்தூர் தள்ளுவண்டியில் நிற்கும். கம்பத்து விவசாயிக்குப் பத்து வருடம் காத்திருக்க வழியில்லை. மூன்று நாள் மழை பெய்து பழம் வெடித்தால் கிலோ விலை தரையில் கிடக்கும்.

அந்தத் திராட்சை மட்டமா? யார் சொன்னது! ஒன்றை வாயில் போட்டு நசுக்கிப் பாருங்கள். பன்னீர் என்ற பெயர் சும்மா வரவில்லை, ரோஜா வாசனை அப்படியே வரும். பரோலோ பத்து வருடம் இழுத்தடித்துத் தருகிற ரோஜாவை இது முதல் நாளே தந்துவிடுகிறது. ஆனால் துவர்ப்புக் கையிருப்பு இல்லை. நாளைக்கு என்று எதையும் வைத்துக்கொள்ளாது. அந்த மண்ணுக்கு அந்தக் குணம். குளிர்ந்த ஊர் ஒயினுக்கு வயசாக்கும். நம் வெயில் புளிக்கும் அரிசிக்கும்தான் வயசாக்கும். வெயில் சும்மா வயசாக்காது, அவசரமாக வயசாக்கும். பதினாலு டிகிரியில் ஒயினுக்கு நிதானமாக நடக்கிற காரியமெல்லாம் முப்பத்தெட்டு டிகிரியில் ஓட்டமாக நடக்கும். ஓட்டத்தில் வாசனை முதலில் கழன்று விழும்.

2025 மே மாதம், அவன் பெண் பத்தாம் வகுப்பு பாஸ். ஸ்வீட் சாப்பிடப் போயிருந்தேன். அன்றைக்கு டிரம்மைக் கழுவிக் காயவைக்கப் பாட்டிலை வெளியே எடுத்தார்கள். நண்பன் டார்ச் அடித்தான். கழுத்து வரை இருந்த ஒயின் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. கார்க் லேசாக மேலே தள்ளியிருந்தது, அதைச் சுற்றி பிசுபிசுப்பு. உள்ளே இருப்பது சூட்டில் விரிந்து கார்க்கைத் தள்ளியிருக்கிறது. அந்த இடுக்கில் காற்றும் போயிருக்கும். 2028 வரை இவன் தாங்க மாட்டான் என்று நண்பன் முகமே சொன்னது. பதினொரு வருடமாக அவன் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் டிரம்மைத் தட்டிக் காட்டிப் பேசியிருக்கிறான். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். "இன்னும் மூணு வருஷம் வெச்சா வினிகர்தான். இன்னிக்கே அவளுக்கு ஒரு நல்ல நாள்தானே?" என்றான்.

கார்க் பாதியில் உடைந்தது. மீதியை உள்ளே தள்ளி, அம்மா கொடுத்த மெல்லிய துணியில் வடிகட்டினோம். நிறம் செங்கலையும் தாண்டி, டிகாக்ஷனுக்குப் பக்கத்தில் போயிருந்தது. குடித்தோம். துவர்ப்பு போயே போய்விட்டது. காய்ந்த திராட்சையை வேகவைத்த மாதிரி ஒரு களைப்பான இனிப்பு, கடைசியில் புளிப்பு மட்டும் தனியாக நின்றது. டேங்க் ஃபேக்டரி மாமா, "போன தடவைக்கு இது பரவாயில்ல" என்றார். அம்மா மோந்து பார்த்துவிட்டு, "ஜாடிப் புளி திறந்தா இப்படித்தான் இருக்கும்" என்றார்கள்.

பெண் தானும் மோந்து பார்ப்பேன் என்றாள். மோப்பத்துக்குச் சட்டத்தில் தடை இல்லை. டம்ளருக்குள் மூக்கை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பா, முதல்ல பன்னீர் திராட்சை வாசனை வருது. அப்புறம்... பூந்தமல்லி ரோட்ல தார் ஊத்துவாங்களே, அது."

ரோஜா, தார் என்று அந்த வீட்டில் அதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. நண்பன் என்னைப் பார்த்தான். டம்ளரைப் பிடுங்கி மோந்தான், நானும் மோந்தேன். இருந்தது. மெலிசாக, ஆனால் இருந்தது. பத்து நிமிடம் நின்றிருக்கும். ஃபேனைப் போட்டதும் போய்விட்டது.

பாட்டிலை அவன் அம்மா சோடா உப்பு போட்டுக் கழுவி, அடுப்பு மேடையில் வைத்திருக்கிறார்கள். லேபிளை மட்டும் கிழிக்க நண்பன் விடவில்லை. உள்ளே இப்போது நல்லெண்ணெய்.